தொட்டியைக் கவிழ்த்துவிடாதே

அன்புள்ள கண்ணா,

“ஒண்ணுமே முளைக்கலம்மா, தூக்கிப் போட்டுடப் போறேன்” என்று நீ அனுப்பிய ஒற்றை வரியைப் படித்தேன். கூடவே தொட்டியின் படம். அதற்குப் பிறகு நான் கேட்ட எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. சரி, பேசத் தோன்றாத நாட்களும் உண்டு. கடிதம் என்றால் உனக்குத் தோன்றும்போது பிரித்துப் படிக்கலாம், உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், தூக்கிப் போடாதே. நீ விதைத்திருக்கிற சைவ்ஸ், அதாவது தாளை நறுக்கிச் சமையலில் தூவுகிற அந்தச் சின்னச் செடி, வெங்காயக் குடும்பம். கடுகு மாதிரி மூன்றாம் நாளே எட்டிப் பார்க்கிற ஜாதி இல்லை. ஒரு வாரத்தில் முளை தெரிந்தால் அதிர்ஷ்டம். இரண்டு வாரம் ஆவது சாதாரணம், மூன்று வாரம் வரைக்கும் தாராளமாகக் காத்திருக்கலாம். மண் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் அதற்குப் பிடிக்கும். ரொம்பக் குளிர்ந்தாலும் தாமதமாகும், ரொம்பச் சூடேறினாலும் முளைப்பு குறையும்.

சூடு என்றதும் ஞாபகம் வருகிறது. படத்தில் வெயில் நேர் உச்சியிலிருந்து விழுகிறது. பால்கனிக் கம்பியின் நிழல் கம்பிக்கு அடியிலேயே சுருங்கிக் கிடக்கிறது. மத்தியானம் எடுத்த படம். அன்றைக்குப் புதன்கிழமை. நான் ஒன்றும் கேட்கவில்லை, வெயிலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முளைக்கும் வரைக்கும் அந்த வெயில் ஆகாது. மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும், முளைவிடத் தொடங்கிய விதை ஒருமுறை காய்ந்தால் அவ்வளவுதான், திரும்பப் பிழைக்காது. தொட்டியைச் சுவரோரம் நகர்த்திவை. முளை வந்த பிறகு தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டியிருக்கும், அப்போது திரும்ப வெளியே வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு ஆழத்தில் போட்டாய் என்று நீ சொல்லவே இல்லை. அந்தக் கருப்பு விதை எள் அளவுதான் இருக்கும். அரை சென்டிமீட்டர் மண் மேலே இருந்தால் போதும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்காக மூடாமலும் விடாதே, இருட்டில்தான் நன்றாக முளைக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாலும் தப்பில்லை. ஆனால் பத்துப் பதினைந்து விதையை ஒரே இடத்தில் சேர்த்துப் போட்டால் கொத்தாக வரும், அப்படியே கொத்தோடு எடுத்து நடலாம். தனித்தனி நாற்று மயிரிழை போல இருக்கும், காற்றடித்தாலே படுத்துவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கம் வருடம் போட்டிருக்கும், அதைப் பார். வெங்காய இனத்து விதைக்கு ஆயுள் கம்மி. ஒரு வருடம் நன்றாக முளைக்கும், இரண்டாம் வருடம் குறையும், அப்புறம் நம்ப முடியாது. சந்தேகமாக இருந்தால் ஈரமான டிஷ்யூ காகிதத்தில் 10 விதையை வைத்து மடித்து, ஒரு டப்பாவில் மூடிவை. இரண்டு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய விதை என்றால் அதில் உன் குற்றம் எதுவும் இல்லை. நீ சரியாகத்தான் செய்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே எதை எடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன் நீ, உன் அக்காவே சொல்வாள். அவளும் நீ பேசவில்லை என்றாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முளை ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத்தான். தொட்டி ஓரத்தில் நீ தேதி எழுதிச் செருகியிருந்த அட்டை கண்ணில் பட்டது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் மூன்று வாரம் ஆகவே இல்லை, அதற்குள் உனக்கு என்ன அவசரம்? ஆனால் அது உன்னுடைய விசிட்டிங் கார்டு. நீளவாக்கில் வெட்டியிருக்கிறாய். உன் பெயரில் பாதியும், அதற்குக் கீழே கம்பெனி பெயரில் முதல் இரண்டு எழுத்தும் தெரிகிறது. அட்டை தண்ணீரில் ஊறிப் போகும், கண்ணா. பழைய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெட்டி, பென்சிலால் எழுதிச் செருகு. பேனா மை கரைந்துவிடும்.

அப்பாவும் படத்தைப் பார்த்தார். கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, நல்ல தொட்டி என்றார். நான் பெரிதாக்கிக் காட்டவில்லை.

சாப்பிடுகிறாய் அல்லவா? நேரத்துக்குச் சாப்பிடு.

தண்ணீர் விஷயத்தில் நீ அப்பா மாதிரி. ஒரு நாள் கொட்டு கொட்டென்று கொட்டுவது, அப்புறம் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. பேச்சிலும் இரண்டு பேரும் அப்படித்தான். இந்த விதைக்கு அது ஆகாது. தெளிப்பானால் மேலே லேசாகத் தெளி. இல்லாவிட்டால் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தொட்டியை அதில் வை, அடி ஓட்டை வழியாக மண் தானே இழுத்துக்கொள்ளும். மேல்மண் ஈரமானதும் தட்டை எடுத்துவிடு. எப்போதும் சொதசொதவென்று இருந்தால் முளைத்த நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடும்.

முளை எப்படி வரும் என்று தெரியாமல் நீ பிடுங்கிவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. அது நேராக வராது. மெல்லிய பச்சை இழை பாதியில் மடிந்து, முதுகு மட்டும் மண்ணுக்கு மேலே வளைந்து தெரியும். நுனி உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். பாவம் என்று விரலால் நிமிர்த்திவிடாதே, அறுந்துவிடும். சில நாளில் அதுவே நிமிரும். நிமிரும்போது நுனியில் கருப்பு விதைத்தோல் ஒட்டிக்கொண்டு வரும், அதையும் விட்டுவிடு, தானே உதிரும். பார்ப்பதற்குப் புல்லேதான். அக்கா அன்றைக்குப் புல் என்று நினைத்துப் பிடுங்கின மாதிரி நீயும் செய்துவிடாதே. சந்தேகமாக இருந்தால் நுனியைத் துளி கிள்ளி முகர்ந்து பார், வெங்காய வாசனை காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம், வந்தவுடன் வெட்டாதே. 15 சென்டிமீட்டர் உயரமாவது வரட்டும். விதைத்ததிலிருந்து இரண்டு இரண்டரை மாதம் ஆகும். வெட்டும்போது கத்தரிக்கோலால், மண்ணுக்கு மேலே 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டு. அடியிலிருந்து திரும்பத் தாள் கிளம்பும். முட்டையிலோ உருளைக்கிழங்கிலோ இறக்கும்போது தூவினால் போதும், கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். முதல் வருடம் இரண்டு மூன்று தரம் வெட்டினால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதே. அந்த வருடம் செடி மெலிந்துதான் நிற்கும். அடுத்த வருடம்தான் தூர் கட்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தரம் தூரைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றலாம். குளிர் அதிகமானால் தாளெல்லாம் காய்ந்து, தொட்டியில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அடியில் உயிர் இருக்கும், அப்போதும் தூக்கிப் போட்டுவிடாதே.

எதிர் வீட்டுப் பூனை உன் பால்கனிக்கு வரும் என்றாயே, அது வாய் வைக்காமல் பார்த்துக்கொள். வெங்காய இனம் எதுவுமே பூனைக்கும் நாய்க்கும் விஷம்.

இன்னொரு விஷயம். அக்காவின் கல்யாணத்துக்கு எடுத்தது போக மீதி அப்படியேதான் இருக்கிறது. இப்போதைக்கு இங்கே யாருக்கும் அதில் தேவை இல்லை. அப்பாவிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சும்மா தெரிந்து வைத்துக்கொள் என்று எழுதினேன்.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. தனியாக இருந்துகொண்டு, யாரும் சொல்லாமலே மண் வாங்கி, விதை வாங்கி, தேதி எழுதி வைக்கத் தோன்றியதே உனக்கு. ஆனால் முளைக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு மற்றதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? சரி, விடு. தொட்டியை நிழலுக்கு நகர்த்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்.

மூன்று வாரம் முடிந்ததும் ஒரு படம் அனுப்பு. முளைக்காவிட்டாலும் வெறும் மண்ணையாவது எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு, திரும்ப விதைக்கலாமா என்று பேசுவோம். அப்பா படுத்த பிறகு போன் என் பக்கத்தில்தான் இருக்கும். எத்தனை மணியானாலும் கூப்பிடு, எடுப்பேன்.

அம்மா