ரசிகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: ஏழு கோப்பைகளும் ஒரு வழக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கொலம்பஸ் குளிரையும் பொருட்படுத்தாமல் குழந்தை குட்டிகளோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் எண்ணிக்கை இந்த ஆண்டு பெரிதாகக் கூடவில்லை, குறையவும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சிற்றுண்டிச் செலவு பற்றிய கேள்விகளையும் தயவுசெய்து அவரிடமே கேளுங்கள்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் விருது நாயகர்களைப் பற்றித் தொடர் பேச்சு நடத்தினோம். இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி வீரர்களில் அந்தப் பருவத்தின் சிறந்தவர் என்று தேர்வாகிறவருக்கு 1935 முதல் வழங்கப்படுவது ஹைஸ்மன் கோப்பை. விளையாட்டுச் செய்தியாளர்களும் முன்பு அதை வென்றவர்களும் வாக்களிப்பார்கள். நம் ஊர் அணியில் ஆறு பேர் ஏழு முறை வென்றிருக்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

முதல் கூட்டம் 1944இல் வென்ற லெஸ் ஹோர்வாத் பற்றியது. போர்க்காலம், ஆள் பற்றாக்குறை. பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவரை அணி திரும்பக் கூப்பிட்டது. அவரும் வந்து ஆட, ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. பின்னாளில் பல் மருத்துவராகவே தொழில் செய்தார் என்று பேச்சாளர் சொன்னதும் பெற்றோர் வரிசையிலிருந்து எழுந்த கைதட்டல், அவர் ஓடிய தூரத்தைச் சொன்னபோது எழவில்லை.

1950இல் வென்றவர் விக் ஜானோவிச். அந்த நவம்பர் 25ஆம் தேதி மிச்சிகனோடு கடும் பனிப்புயலில் நடந்த ஆட்டத்தை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். கோடுகள் பனியில் மறைந்துபோன மைதானத்தில், பந்தை வைத்திருப்பதே ஆபத்து என்று அவர் 21 முறை அதை எதிர்ப்பக்கம் உதைத்துத் தள்ளினார். நம் அணியின் மூன்று புள்ளிகளும் அவர் காலில் வந்தவைதான். மிச்சிகன் ஒரு முறைகூட பத்து யார்டு முன்னேறிப் புது வாய்ப்புப் பெறவில்லை, ஆனாலும் 9-3 என்று வென்றது. அதன்பின் பயிற்சியாளர் விலகினார், அடுத்த ஆண்டு வுடி ஹேஸ் வந்தார். 1955இல் கோப்பையைப் பெற்ற ஹோவர்ட் கேசடி அந்த ஹேஸிடம் பயிற்சி பெற்றவர், இதே கொலம்பஸில் பிறந்தவர். அவரைப் பற்றிய கூட்டம் பனிப்பொழிவால் பாதியில் கலைந்தது, ஆகவே குறிப்பும் இவ்வளவே.

இனி ஆர்ச்சி கிரிஃபின். இவரும் உள்ளூர்க்காரர், ஈஸ்ட்மூர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1972இல் முதலாண்டு மாணவராகக் களமிறங்கிய முதல் ஆட்டத்தில் பந்தை நழுவவிட்டார். அடுத்து வட கரோலினாவுக்கு எதிராக 239 யார்டு ஓடி, பல்கலைக்கழகச் சாதனையையே மாற்றி எழுதினார். பிறகு தொடர்ந்து 31 வழக்கமான பருவ ஆட்டங்களில் நூறு யார்டுக்குக் குறையவில்லை. 1974, 1975 இரண்டு ஆண்டுகளும் ஹைஸ்மன் அவருக்கே. இரண்டு முறை வென்றவர் இன்றுவரை வேறு எவருமில்லை. கணக்கு இடித்தது இதனால்தான்.

இந்தக் கூட்டத்தில்தான் வழக்கு தொடங்கியது. 1975இல், நம் அணி ஆடும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென் பிரிவின் சிறந்த வீரராகத் தேர்வானவர் கிரிஃபின் அல்ல, அவருக்குப் பந்தைக் கொடுத்த குவார்ட்டர்பேக் கோர்னீலியஸ் கிரீன் என்று நம் துணைத்தலைவர் எடுத்துப் போட்டார். அப்படியானால் நாட்டுக்கே சிறந்தவர், சொந்தப் பிரிவில் எப்படி இரண்டாமவர் ஆனார்? தேநீர் ஆறிப்போகும்வரை வாதம் ஓயவில்லை.

என் கருத்தையும் பதிவு செய்கிறேன், அதைக் கழித்துவிட வேண்டாம் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். ஹைஸ்மன் வாக்காளர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. நம் ஆறு பேரில் ஒருவர்கூட முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர் இல்லை. தேரில் சாமி தெரிகிறது, சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் தெரிவதில்லை. கிரிஃபினுக்குத் தொடக்க ஆண்டுகளில் வழி திறந்தவர் ஜான் ஹிக்ஸ். 1973இல் முன்வரிசை வீரர்களைப் பாராட்டும் அவுட்லேண்ட், லொம்பார்டி இரண்டு விருதுகளையும் வென்று, ஹைஸ்மன் வாக்கிலும் இரண்டாம் இடம் பிடித்தார். அவர் ஆடிய இடத்துக்கு அதுவே அதிசயம். அதே வாக்கெடுப்பில் கிரிஃபின் ஐந்தாவதாக வந்தார் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு முன்வரிசைக்காரர் ஆர்லாண்டோ பேஸ் கதை இன்னும் அழுத்தமானது. 1995, 1996 என இரண்டு முறை லொம்பார்டி வென்ற முதல் வீரர் இவர்தான். 1996இல் அவுட்லேண்டும் சேர்ந்தது, ஹைஸ்மனில் நான்காம் இடம். 1997இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவு செய்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். இந்த அணியின் வரலாற்றிலேயே சிறந்த வீரர் யார் என்று கேட்டால், கோப்பை வென்ற ஆறு பேரையும் தாண்டி நான் பேஸ் பக்கம்தான் கை நீட்டுவேன்.

எடி ஜார்ஜ் ரசிகர்கள் முறைக்க வேண்டாம். 1992இல் இலினாய் அணிக்கு எதிராக இரண்டு முறை பந்தை நழுவவிட்ட முதலாண்டுப் பையன், 1995இல் அதே இலினாய்க்கு எதிராக 314 யார்டு ஓடியது சாதாரணமல்ல. அந்தப் பருவத்தில் 1,927 யார்டு, 24 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). ஆனால் அவருக்கு முன்னால் எதிரிகளை ஒதுக்கித் தள்ளியவர்களில் பேஸும் ஒருவர். ஜார்ஜுக்கு ஹைஸ்மன், பேஸுக்கு லொம்பார்டி, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் சிறந்தவருக்கான பிலெட்னிகாஃப் விருது டெரி கிளென்னுக்கு. ஒரே ஆண்டில் இத்தனை விருதுகள் இருந்தும் மிச்சிகனிடம் 31-23 என்று தோற்றோம். விருது தனி, வெற்றி தனி.

2006இல் ஹைஸ்மன் வென்ற குவார்ட்டர்பேக் டிராய் ஸ்மித்துக்கும் இதே கதி. மிச்சிகனை 42-39 என்று வீழ்த்தினார், முதலிட வாக்குகளை வாரிக் குவித்தார். ஜனவரியில் ஃபுளோரிடாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 14 முறை எறிந்து நான்கே பந்துகள் சேர்ந்தன. 41-14 தோல்வி. இந்தக் கூட்டத்தை நாங்கள் சீக்கிரமே முடித்துக்கொண்டோம்.

அரங்கத்தருகே உள்ள பக்கை மரத் தோப்புக்கும் சென்று வந்தோம். ஆல்-அமெரிக்கன், அதாவது தன் இடத்தில் நாட்டின் சிறந்தவர்களில் ஒருவர் எனத் தேர்வாகும் நம் வீரர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு மரம் நடுகிறார்கள். பந்தை ஏந்தியவனுக்கும் ஒரு மரம், தடுத்தவனுக்கும் ஒரு மரம். என் கட்சிக்கு அது சாட்சி என்று அங்கேயே சொன்னேன், துணைத்தலைவர் ஏற்கவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: முன்வரிசைக்காரர்களைப் பற்றி மட்டுமே ஒரு தொடர். 1956இல் அவுட்லேண்ட் வென்ற ஜிம் பார்க்கரில் தொடங்கி, 1970இல் முதன்முதலாக வழங்கப்பட்ட லொம்பார்டியைப் பெற்ற ஜிம் ஸ்டில்வாகன், ஹிக்ஸ், பேஸ் என்று போகலாம். பேசப் பெயர் கொடுக்க விரும்புவோர் இடைவேளையில் என்னைப் பார்க்கவும். கூடம் பிடித்துத் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்த இளைஞர்களுக்கும் நன்றி.

இந்த அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்