ஸ்டாண்ட்பை ஓடினால் பேக்கப் ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தரவுப் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, முதன்மை டேட்டாபேஸுக்குத் துணையாக ஸ்டாண்ட்பை (முதன்மையின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கித் தன்னிலும் செய்துகொள்ளும் நகல் டேட்டாபேஸ்) ஒன்று ஓடினால் போதும் என்பதுபோல் முடிந்திருந்தது. பதினான்கு வருடமாக இதே வேலையில் இருப்பவள் நான். ஸ்டாண்ட்பை ஒரு கிளிப்பிள்ளை. முதன்மையில் யாரோ தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், அடுத்த நொடியே அங்கும் அழிந்துவிடும். பேக்கப் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

அதை ஸ்டாண்ட்பையிலிருந்து எடுத்தால் முதன்மைக்குச் சுமை இல்லை என்பது உண்மைதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நானும் இரவு 2 மணிக்கு அப்படித்தான் டம்ப் (டேட்டாபேஸில் உள்ளதைப் படித்து ஒரு கோப்பாக எழுதும் பேக்கப்) எடுத்துவந்தேன். ஒருநாள் வேறெதற்கோ ஃபோல்டரைத் திறந்தால், 40 ஜிபி இருக்க வேண்டிய கோப்பு 11 ஜிபியில் நிற்கிறது. முந்தைய மூன்று இரவும் அதே கதி. ஸ்கிரிப்டோ தினமும் 'வெற்றி' என்றே மெயில் அனுப்பியிருந்தது. டம்ப் எழுதுவது, கோப்பைச் சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்கு நேராகப் போகும்படி பைப் செய்திருந்தேன்; டம்ப் பாதியில் செத்தாலும், கிடைத்ததைச் சுருக்கிவிட்டு ஜிஜிப் நல்லபடியாக முடிந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் பார்த்தது ஜிஜிப்பின் முடிவை மட்டும்தான்.

செத்ததற்குக் காரணம் ரெப்ளிகேஷன், அதாவது முதன்மையின் மாற்றங்களை ஸ்டாண்ட்பைக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. முதன்மையில் வேக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடி, டேபிள்களில் தேவையற்றுப்போன பழைய வரிகளைத் துடைக்கிறது. அந்தச் செய்தி ஸ்டாண்ட்பைக்கு வரும்போது, டம்ப் இன்னும் அதே பழைய வரிகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்ட்பை கொஞ்ச நேரம் பொறுக்கும். வழக்கமான அமைப்பில் 30 நொடி. பிறகு டம்ப்பின் கழுத்தைத் திருகிவிடும்.

கோப்புகளை அப்படியே பிரதி எடுக்கும் பேஸ்பேக்கப்புக்கு இந்த வம்பு இல்லை. 2012-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பிலிருந்தே ஸ்டாண்ட்பையில் ஓடுகிறது. ஆனால் ஒரே ஒரு டேபிளை மட்டும் மீட்க டம்ப்தான் வசதி. அதனால் ஸ்டாண்ட்பையில் ரீப்ளேயை (வந்த மாற்றங்களைச் செயல்படுத்துவதை) நிறுத்தி, டம்ப் எடுத்து, மறுபடி ஓடவிட்டேன். நிறுத்தினாலும் முதன்மையிலிருந்து மாற்றங்களின் பதிவான லாக் வந்து டிஸ்கில் குவிந்துகொண்டேதான் இருக்கும். ஒருமுறை ஸ்கிரிப்ட் இடையில் விழுந்து, ரீப்ளேயை மறுபடி ஓடவிடும் கட்டளையை எட்டவே இல்லை. மறுநாள் மதியம்வரை ஸ்டாண்ட்பை முந்தைய இரவிலேயே உட்கார்ந்திருந்தது! இன்னொன்று: நிறுத்தச் சொன்னவுடன் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. நின்றதா என்று கேட்டு (14-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு வழி உண்டு) உறுதி செய்த பிறகே டம்ப்பைத் தொடங்க வேண்டும்.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். பின்தங்கிப்போன ஸ்டாண்ட்பையைச் சரிசெய்யும் முயற்சியில், முதன்மையின் தரவையே ஒருவர் அழித்துவிட்டார். டம்ப்பைத் தேடினால் அது பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச்சேரவில்லை.

இப்போது நான் சனிக்கிழமைதோறும் அந்த வார டம்ப் ஒன்றை வேறொரு சர்வரில் ஏற்றி, முக்கியமான டேபிள்களில் வரிகளை எண்ணிப் பார்க்கிறேன். ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. வேலையற்ற வேலை என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்கிறார்கள்; செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி