சி5 என்றொரு வரி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள வேலு,

இங்கு அனைவரும் நலம். புகைப்படக் கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் உன் கணினி உறைந்து நிற்பதாகவும், விண்டோஸை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதே. சென்ற மாதம் என் வீட்டிலும் இதே கதைதான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின், பண்ருட்டிப் பக்கம் நாம் எடுத்த படங்கள் உனக்கு நினைவிருக்கும். வேரோடு சாய்ந்த பலா மரத்தின்மேல் அப்பா உட்கார்ந்திருக்கும் படத்தைத் திறந்தேன். அவருடைய மார்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்துவதுபோல் ஓர் ஓசையும் விட்டுவிட்டுக் கேட்டது.

வழக்கம்போல் உப்புக் காற்றின்மேல் பழியைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், பயனில்லை. அதன்பிறகே, ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையை வரிவரியாகக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். கேபிள் வழியில் தரவு சிதைந்தால் ஏறும் சி7 வரி பூஜ்ஜியமாகவே இருந்தது. அதை முதலில் பார்த்திருந்தால் கேபிள் காசு மிஞ்சியிருக்கும். சி5 வரியில் 18 என்றிருந்தது. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினறும (16 அடிமான) எண்முறையில் காட்டுவதால் உண்மையில் அது 24. அதாவது, படிக்க முடியாமல் ஹார்ட் டிஸ்க் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் செக்டர்கள், அதாவது தரவைச் சேமிக்கும் சிறு துண்டுகள், அத்தனை. மறுநாள் அது 42 ஆனது. எண்ணைவிட அது ஏறிய வேகம்தான் என்னைக் கலங்கடித்தது.

அத்தகைய செக்டரின்மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான், அது தேறுமா, அல்லது அதற்குப் பதில் உபரி செக்டர் ஒன்றை ஒதுக்க வேண்டுமா என்று டிஸ்க் முடிவு செய்கிறது. ஒதுக்கினால் 05 என்ற வரி ஏறும். எனவே விண்டோஸை மறுபடி நிறுவினால் சி5 குறைந்து, நோய் தீர்ந்ததுபோலவே தோன்றக்கூடும். ஆனால் அந்த இடத்திலிருந்த படம் அதோடு தொலைந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கணினியைப் பற்றி மட்டும் சொல்கிறார்.

நான் லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருளால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடுத்தேன். அது முரண்டுபிடிக்கும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, எளிதில் படிக்கக் கூடியவற்றை முதலில் வாரிக்கொண்டு, பிறகே திரும்பி வந்து மல்லுக்கட்டும். நள்ளிரவில் கரண்ட் போயிற்று. ஆனால் எதுவரை படித்தது என்பதை மேப் கோப்பில் குறித்துக்கொண்டே வந்ததால், விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. மறுநாள் மாலை முடிந்தபோது, சில கிலோபைட்டுகள் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. அப்பா இப்போது முழங்கால் வரை வந்திருக்கிறார், மரம் வரவில்லை.

உன் கணினியை உடனே அணைத்துவிடு. உன்னுடையதைவிடப் பெரிய, காலியான ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வை. ஞாயிறு காலை புதுச்சேரி பேருந்தைப் பிடித்து வருகிறேன். அந்தப் பலா மரப் படத்தின் நகல் உன்னிடமும் இருந்ததே, அதுவும் இந்த டிஸ்க்கில்தான் இருக்கிறதா?

அன்புடன்,
சேகர்