ஊசி இல்லாமல் மேடையில் ஜெயிக்க ஏலுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

கல்லடியில் இருக்கும் எங்கள் சின்னக் கடைக்கு வருகிற தம்பிமார் புரதப் பவுடரின் விலையைக் கேட்ட கையோடு இன்னொரு கேள்வியையும் கேட்பார்கள். "அண்ணே, ஊசி போடாமல் போட்டியில ஜெயிக்க ஏலுமா?" காத்தான்குடி, செங்கலடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று எந்த ஊரில் இருந்து வந்தாலும் கேள்வி இதுதான். போட்டி என்று அவர்கள் சொல்வது உடற்கட்டுப் போட்டியை (பொடி பில்டிங்). ஊசி என்பது தசையை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டை, அதாவது ஆண் ஹோர்மோன் சார்ந்த மருந்தை. பின்னால் ஆட்கள் காத்து நிற்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் எந்த மேடையில் ஏறப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. மருந்துச் சோதனை இல்லாத சர்வதேச மேடையின் உச்சிக்கு, உடலில் எதுவும் ஏற்றாத ஒருவர் போக முடியாது. எவ்வளவு உழைத்தாலும் முடியாது. இதை மறைத்து உங்களுக்குப் பவுடர் விற்க எங்களுக்கு மனம் இல்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. உடல் எடையில் கொழுப்பைக் கழித்து, மிச்சத்தை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் பிரித்தால் ஓர் எண் வரும். 1995இல் அமெரிக்காவில் ஸ்டீராய்டு பாவித்தவர்கள், பாவிக்காதவர்கள் என இரு தரப்பையும் அளந்து பார்த்தார்கள். பாவிக்காதவர்களின் எண் சுமார் 25ஐத் தாண்டவில்லை. பாவித்தவர்களில் பலர் அதை எளிதாகத் தாண்டினார்கள். அதே ஆய்வில், ஸ்டீராய்டு பரவுவதற்கு முந்திய 1939 முதல் 1959 வரையிலான காலத்து மிஸ்டர் அமெரிக்கா வெற்றியாளர்களையும் கணக்கிட்டார்கள். அவர்களின் சராசரி 25.4. ஆக, 25 என்பது தாண்டவே முடியாத சுவர் அல்ல. அபூர்வமான உடல்வாகு கொண்ட சிலர் கொஞ்சம் மேலே போகலாம். கொஞ்சம்தான்.

இதைக் கிலோவில் பார்ப்போம். ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள ஒருவர் இந்த எல்லையில் நின்று, மேடைக்கு ஏற்றபடி கொழுப்பைக் கரைத்தால் சுமார் 83 கிலோ இருப்பார். ஏறத்தாழ அதே உயரமுள்ள டோரியன் யேட்ஸ் என்ற வீரர், உடற்கட்டின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவின் 1993 மேடையில் சுமார் 116 கிலோவில் நின்றார். தான் ஸ்டீராய்டு பாவித்ததை அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இடையில் முப்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம். எந்தச் சாப்பாடும் எந்தப் பயிற்சி அட்டவணையும் அதை நிரப்பாது. எங்கள் ராக்கையில் இருக்கும் எந்த டின்னும் நிரப்பாது.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அவன் ஊசி போட்டாலும் எங்களை மாதிரித்தானே கஷ்டப்படுறான்" என்று பலர் நினைக்கிறார்கள். 1996இல் 43 ஆண்களை நான்கு பிரிவாகப் பிரித்து, அதில் இரண்டு பிரிவுக்குக் கிழமைக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் (ஆண் ஹோர்மோன்) ஊசியைப் பத்துக் கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். ஊசியோடு எடை தூக்கியவர்கள் கொழுப்பில்லாத எடையில் சுமார் 6 கிலோ கூடினார்கள். ஊசி போட்டுவிட்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்கள் 3 கிலோவுக்குச் சற்று மேல் கூடினார்கள். வெறும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 2 கிலோ. அதாவது சும்மா இருந்தவர், வியர்வை சிந்தியவரை முந்திவிட்டார். தம்பி, உங்களோடு ஒன்றாக ஜிம்மில் சேர்ந்தவர் ஆறு மாதத்தில் மலை மாதிரி ஆகி, நீங்கள் அப்படி ஆகவில்லை என்றால், உங்கள் உழைப்பில் குறை இருக்கிறது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பாவித்தார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவரைப் பார்த்து உங்களை அளக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

அப்படியென்றால் சோதனை வைத்தால் சரியாகிவிடுமா? 1990இல் வைத்துப் பார்த்தார்கள். அந்த வருடம் ஆர்னால்ட் கிளாசிக் போட்டியில் முதலிடம் பெற்றவர் சோதனையில் அகப்பட்டு, பட்டம் இன்னொருவருக்குப் போனது. அதே வருடம் மிஸ்டர் ஒலிம்பியாவிலும் சோதனை நடந்து சிலர் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த வருடம் அந்தச் சோதனை இல்லை. போட்டியன்று மட்டும் சிறுநீர் எடுப்பதிலும் ஓட்டை இருக்கிறது. சில மாத்திரைகள் உடலை விட்டுச் சீக்கிரம் போய்விடும், வளர்ந்த தசை போகாது. அதனால்தான் இயற்கைப் போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்புகள் சில, பல வருடங்கள் மருந்து தொடாதவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்து, பொய் கண்டறியும் கருவியையும் சிறுநீர்ச் சோதனையையும் சேர்த்துப் பாவிக்கின்றன. அதுவும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் ஊசி போடாதவருக்கு நியாயமான இடம் இருக்கிறது என்றால் அது அங்கேதான்.

நம் ஊர் மேடைகள் விஷயத்தில் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. உள்ளூர்ப் போட்டிகளுக்கு நாங்கள் தவறாமல் போகிறோம். அங்கே பெரிய உடம்போடு வந்து தோற்றுப்போகிறவர்கள் நிறையப் பேர். கால் பயிற்சியை விட்டுவிட்டு நெஞ்சும் கையும் மட்டும் வளர்த்தவர், வயிற்றில் இன்னும் ஒரு படை கொழுப்போடு அவசரப்பட்டு ஏறியவர், போஸ் கொடுக்கும்போது மூச்சு வாங்கிக் கை நடுங்குகிறவர். நடுவர்கள் அளவை மட்டும் பார்ப்பதில்லை. உடலின் சமநிலை, தசை தெளிவாகப் பிரிந்து தெரிவது, போஸை அசையாமல் பிடிப்பது எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. இவை மூன்றையும் ஊசி தராது. நின்று பழகினால்தான் வரும். முதுகுப் போஸில் முதுகை விரித்துக்கொண்டே பின் தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் தன் முதுகைத் தானே பார்க்க முடியாததால் பலர் இதைப் பழகுவதே இல்லை. ஒரு கூட்டாளியைப் பின்னால் நிறுத்தி போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எடைப் பிரிவும் யோசிக்க வேண்டியது. உங்கள் உயரத்துக்கு நிரம்பிய உடம்பாகத் தெரியும் பிரிவில் ஏறுங்கள். பாரமான பிரிவுதான் கௌரவம் என்று நினைத்து ஏறினால் பக்கத்தில் நிற்பவர் உங்களை விழுங்கிவிடுவார்.

கொழுப்பைக் குறைக்கும்போது ஊசி போடாதவருக்கு அவசரம் ஆகாது. கிழமைக்கு உடல் எடையில் அரைச் சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை குறைத்தால் தசை பெரும்பாலும் தங்கும். ஊசி போடுகிறவரின் பன்னிரண்டு கிழமை அட்டவணையை அப்படியே எடுத்துச் செய்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். கடைசிக் கிழமையில் தண்ணீரை நிறுத்துவது, சிறுநீர் போக வைக்கும் மாத்திரை போடுவது, இந்த இரண்டுக்கும் கிட்டவே போகாதீர்கள். முகமது பெனாசிசா என்ற அல்ஜீரிய வீரர் 1992இல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்தார். அவரது மரணத்தை அந்த மாதிரி மாத்திரைகளோடும் நீர் வற்றிய உடலோடும் சேர்த்தே பேசுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளில் சுமார் 112 கிராம் புரதம் போதும், கிலோவுக்கு 1.6 கிராம் என்பதுதான் கணக்கு. நான்கு முட்டை, இருநூறு கிராம் சூரை மீன், ஒரு கோப்பை அவித்த கடலை அல்லது கௌபி, ஒரு கோப்பை எருமைத் தயிர், இரண்டு நேரச் சோறு. ஏறத்தாழ வந்துவிட்டது. மீன் மலிந்திருக்கும் காலத்தில் பவுடர் வாங்கத் தேவையே இல்லை, கடைக்காரர்களாக இருந்துகொண்டு சொல்கிறோம். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும் நோன்பு காலத்தில் சாப்பிடும் நேரம் குறைந்தவர்களுக்கும் பவுடர் வசதி. தசைக்கு வலுச் சேர்க்கும் கிரியேட்டின் பவுடர் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம். அது மலிவு, தடை செய்யப்பட்டதும் இல்லை.

எங்கள் கடையில் ஊசி மருந்து இல்லை, "டெஸ்டோ" என்று பெயர் போட்ட டின்களும் இல்லை. சிலர் இதற்காகக் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்மையில் ஒரு தம்பி வேறெங்கோ வாங்கிய குப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எண்ணெய் மாதிரி மஞ்சள் திரவம், றப்பர் மூடி, கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர். தொகுதி எண் இல்லை. விரலால் தேய்த்ததும் எழுத்து அழிந்து மை விரலில் ஒட்டியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதைத்தான் தொடையில் ஏற்ற இருந்தார்.

பவுடரிலும் கவனம் வேண்டும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளில் வாங்கிய, ஹோர்மோன் அல்லாத 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தபோது 94இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருந்தது. தேசிய மட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்புக்கென்று தனி முகவர் நிலையம் இருக்கிறது. சோதனை மாதிரியில் அகப்பட்டால் "தெரியாமல் குடித்தேன்" என்பது எளிதில் எடுபடாது. ஆகவே தயாரித்தவர் அல்லாத வேறொரு நிறுவனம் சோதித்ததற்கான முத்திரையும் தொகுதி எண்ணும் உள்ள டின்னை மட்டும் வாங்குங்கள், போட்டி முடியும் வரை வெற்று டின்னை எறியாமல் வையுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஊசி தொடங்கிவிட்ட தம்பிமாருக்கு. உங்களைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. 2017இல் வந்த ஓர் ஆய்வில், நீண்ட காலம் ஸ்டீராய்டு பாவித்த எடை தூக்குபவர்களின் இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு, பாவிக்காதவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் அது தெரியாது. கூட்டாளியின் பேச்சைக் கேட்டு அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். போதனா வைத்தியசாலைக்கோ உங்களுக்குப் பழக்கமான டொக்டரிடமோ போய், என்ன போட்டீர்கள், எவ்வளவு காலம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரல், இரத்தத்தின் தடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். உடல் தன் ஹோர்மோனைத் திரும்பச் சுரக்க மாதங்கள் ஆகலாம், அந்த நாட்களில் மனச்சோர்வும் வரும். அதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ வந்தால் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நேரமே புறப்படுங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் கடைக்கு வாருங்கள், எங்களில் ஒருவர் கூட வருவோம்.

அன்புடன்,
கடையில் இருக்கும் எல்லோரும்,
கல்லடி, மட்டக்களப்பு