மாநில எல்லையும் நாட்டெல்லையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முல்லைப் பெரியாறு அணை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், அணை ‘கேரளத்தின் இறையாண்மைக்கு உட்பட்ட மண்ணில்’ இருப்பதாக ஒரு வரி வந்திருந்தது. உடன் இருந்த வரைபடத்திலும் தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவிலுள்ள எல்லை, பாக் நீரிணையில் நமக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள எல்லை இரண்டும் ஒரே தடித்த கோடாகப் போடப்பட்டிருந்தன. பள்ளியில் பல ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் என்ற முறையிலும், பெரியாற்றுத் தண்ணீரை நம்பி ஒருபோகம் நெல் போடும் மேலூர்ப் பக்கத்து விவசாயி என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

எங்கள் வயலுக்குப் பாயும் கிணறு எங்கள் பட்டாவில் இல்லை; பங்காளியின் பட்டாவில் இருக்கிறது. பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் போகவரப் பாதையும் எங்களுக்கு எழுதப்பட்டிருப்பதால், முறை வரும் நாளில் அவருடைய வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறோம். நிலம் அவருடையது, தண்ணீரில் பங்கு எங்களுடையது. தகராறு என்று வந்தால் இரு தரப்பும் ஏறவேண்டியது ஒரே நீதிமன்றத்தின் படியைத்தான்.

பெரியாறு அணையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் நிற்கும் அந்த அணைக்கான இடத்தைத் திருவிதாங்கூர் மகாராஜா 1886-இல் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார். 1970-இல் குத்தகை 30 ரூபாயாக உயர்ந்து, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. மண் கேரளத்துடையது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மண் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் இருப்பது வேறு, இறையாண்மை வேறு.

தன் நிலப்பரப்புக்குள் தனக்கு மேல் இன்னொரு அதிகாரம் இல்லாத நிலைக்குத்தான் இறையாண்மை என்று பெயர். 1933-ஆம் ஆண்டு மான்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு வேண்டியவையாக நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் தகுதி ஆகிய நான்கைச் சொல்கிறது. முதல் மூன்றும் தமிழ்நாட்டுக்கும் உண்டு, கேரளத்துக்கும் உண்டு. நான்காவது இருவருக்குமே இல்லை. இதற்குப் பெரியாற்றைவிட நல்ல சான்று வேறு தேடவேண்டியதில்லை. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்ததும், 136 அடிக்கு மேல் கூடாது என்று கேரள சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அது செல்லாது என்று அதே நீதிமன்றம் 2014 மே மாதம் சொல்லிவிட்டது. இறையாண்மை உள்ள ஒரு நாடு இயற்றிய சட்டத்தை வெளியில் இருக்கும் நீதிமன்றம் இப்படித் தள்ளிவிட முடியுமா?

1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். சில வாரங்களில் அந்த முடிவு மாறியது. மாறாமல் போயிருந்தால் கள்ளந்திரி தாண்டி எங்கள் கண்மாய்க்கு வரும் தண்ணீர் இன்று அயல்நாட்டுத் தண்ணீர். சிந்து நதிக்குப் போலப் பன்னாட்டு ஒப்பந்தம் தேவைப்பட்டிருக்கும்.

வரைபடத்துக்கு வருகிறேன். அரசமைப்பின் 3-ஆவது உறுப்பின்படி, மாநில எல்லையை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. (இது சரியா என்பது தனி விவாதம், எனக்கு அதில் மனக்குறை உண்டு.) 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றதும், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்ததும் அப்படித்தான். இந்திய நிலத்தை வேறொரு நாட்டுக்குக் கொடுப்பது அவ்வளவு எளிதல்ல. அதற்கு அரசமைப்பையே திருத்த வேண்டும் என்று, மேற்கு வங்கத்துப் பேருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. வங்கதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொள்ள 2015-இல் நூறாவது திருத்தம் வந்தது. 1974-இல் கச்சத்தீவு விஷயத்தில் அப்படி ஒரு திருத்தம் செய்யப்படாததே இன்றுவரை நீளும் வாதத்தின் வேர்.

சொல்லிலும் சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் வெள்ளலூர் நாடு என்பது சில ஊர்களின் கூட்டம்; தமிழ்நாடு ஒரு மாநிலம்; இந்தியாவும் நாடுதான். ‘அரசு’ என்ற சொல்லும் ஆள்பவர்களையும் ஆளப்படும் அமைப்பையும் சேர்த்தே குறிக்கிறது. அதனால்தான், மாநிலத்தைப் பற்றி எழுதும்போது ‘ஆட்சி எல்லை’, ‘அதிகார வரம்பு’ என்ற சொற்களையும், நாட்டுக்கு மட்டும் ‘இறையாண்மை’ என்பதையும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் நாட்டெல்லைக்கு ஒரு குறி, மாநில எல்லைக்கு வேறு குறி உண்டு. வைகை அணை திறப்புச் செய்தியோடு அடுத்த முறை படம் போடும்போது அந்தக் குறிகளையே பின்பற்றினால், அதை வெட்டி நோட்டில் ஒட்டும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்