மச்சாளுக்கு, என் கடைசிச் சம்பள மாதத்தில்

மச்சாள்,

வாற மாதம் எனக்கு 50. வேலையை விடுகிறேன். பெண்கள் இந்த வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதால் நேற்று வருசா வருசம் வந்த கணக்குத் தாள்களை எடுத்துவைத்துக் கூட்டினேன். என் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி போட்டது 12. ஒவ்வொரு வருசத்தையும் பார்க்கப் பார்க்க, அந்த வருசம் மகனுக்குச் சோறு தீத்தினது யார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் தாளில் கணக்கு, நீங்கள் வேலையை விட்ட 2014 இல் நிற்கிறது.

84 நாள் பிரசவ லீவு முடிந்த அன்று அவனை உங்கள் மடியில் போட்டுவிட்டுப் போனவள் நான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுத வேண்டியிருப்பது 2022 மார்ச் கடைசியைப் பற்றி.

13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரம். எங்கள் ஒபிசில் ஜெனரேட்டர். ஏசிக்குள் இருந்துவிட்டு வெள்ளவத்தைக்கு வந்து, லிப்ட் இல்லாமல் ஐந்து மாடி ஏறினேன். காஸ் முடிந்து இரண்டு கிழமை; பல்கனியில் மண்ணெண்ணெய் அடுப்பில் பருப்பு. நீங்கள் நிலத்தில் இருந்து கலண்டர் மட்டையால் இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தீர்கள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்: "கரண்ட் இல்லாட்டி உங்களுக்கு வேலை குறைவுதானே மச்சாள்?"

மட்டை ஒருக்கால் நின்றது. பிறகு ஆடியது.

களைப்பில் சொன்னது. பஸ்ஸுக்கு நின்ற எரிச்சல். இல்லை, நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அரசாங்கத்தின் கணக்கும் அப்படித்தான் நினைக்கிறது: வீட்டோடு இருக்கிறவர் பொருளாதார ரீதியாகச் செயற்படாதவராம். அந்தப் பருப்பையும் சோற்றையும் காலி வீதியில் பார்சல் கட்டி விற்றிருந்தால் நாட்டு உற்பத்தியில் ஏறியிருக்கும். பிள்ளைக்குத் தீத்தினீர்கள், ஏறவில்லை.

அண்ணாவும் இதை வாசிப்பார். ஆகவே மாதா மாதம் நான் தந்த காசு எந்தக் கைக்குப் போனது என்ற கதை இங்கே வேண்டாம். தந்தேன், அவ்வளவுதான். டேகெயாருக்குக் கட்டுவதில் பாதிகூட இல்லை அது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஆனால் நீங்களும் லேசுப்பட்ட ஆளில்லை. "நீ களைச்சு வந்திருப்பாய், விடு" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் குசினிக்குள் அண்ட விடவில்லை. அவனுக்கு டெங்கு வந்தபோது ஒரு கிழமை லீவு போட்டுப் பக்கத்திலேயே படுத்தேன். இரவு அனுங்கிக்கொண்டு அவன் கூப்பிட்டது உங்களை. வந்து அவனைத் தூக்க முதல் என்னை ஒருக்கால் பார்த்தீர்களே, அந்தப் பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாவம் என்று பார்த்தீர்கள்.

சேமலாபக் காசில் அரைவாசி உங்களுக்கு. கடனா கூலியா என்று கேளாதேங்கோ, எனக்கே தெரியாது. திங்கட்கிழமை வங்கிக்குப் போவோம். உங்கள் பெயரில் மட்டும் ஒரு புத்தகம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். தொழில் ஆசிரியை என்று போட்ட அந்தப் பழையதுதானே இன்னும் வைத்திருக்கிறீர்கள்? இப்போது என்ன தொழில் என்று கவுண்டரில் கேட்பார்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கோ.