ஸ்பூத்னிக் என்றால் வழித்துணை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன ஞாயிறு பேசும்போது, தமனியை ஒட்டியே இரட்டையாய் ஓடும் சிரைகளுக்கு உங்கள் உடற்கூறு வகுப்பில் ரஷ்ய மொழியில் ‘ஸ்பூத்னித்ஸி’ என்று பெயர் சொன்னாய். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. முப்பது வருஷம் கரும்பலகையில் உலகின் முதல் செயற்கைக்கோளின் பேரை ‘ஸ்புட்னிக்’ என்று எழுதிப்போட்டு, 1957 அக்டோபர் 4, எடை 83.6 கிலோ, விட்டம் 58 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு 96 நிமிஷம் என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவள் நான். பேருக்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

உன் பழைய ரஷ்ய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ‘ஸ்’ என்றால் உடன், ‘பூத்’ என்றால் வழி, ‘னிக்’ ஆளைக் காட்டும் விகுதி. நம் வழித்துணையேதான் கண்ணு! பயணத்தில் கூட வருகிறவரும் ஸ்பூத்னிக், வாழ்க்கைத்துணையும் ஸ்பூத்னிக், பூமிக்கு நிலாவும் ஸ்பூத்னிக். 1957இல் சோவியத்காரர்கள் அனுப்பியது ‘பூமியின் செயற்கை வழித்துணை’. மற்ற நாட்டுப் பத்திரிகைகள் அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. துணை என்ற பொருள் அங்கேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் அடுத்த வருஷமே அதன் வாலைப் பிய்த்து ‘பீட்னிக்’ என்று ஒரு சொல் கட்டினார்கள். சாட்டிலைட்டுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கோ மெய்க்காவலன், ஏவலாள் என்று பொருள். நம்முடைய துணைக்கோள் ரஷ்யச் சொல்லுக்குத்தான் நெருங்கிய உறவு.

ஒரே மாதத்தில் போன இரண்டாவது ஸ்பூத்னிக்கில் லைக்கா என்ற நாயை ஏற்றி அனுப்பினார்கள், திரும்பி வர வழியே வைக்காமல். வழித்துணை என்று பேர் கொண்ட கலத்தில் அந்த ஜீவன் தன்னந்தனியாகப் போயிருக்கிறது. வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். நேற்று ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

நீ கிளம்பிய மறுநாள் விரிஞ்சிபுரம் சிவன் கோயிலுக்குப் போய் வழித்துணைநாதரிடம் உன்னை ஒப்படைத்துவிட்டு வந்தேன். அங்கே நின்று சொன்ன அதே வார்த்தை உன் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்றதும் மனசு கொஞ்சம் லேசானது.

பரீட்சை முடிந்து மாஸ்கோவுக்கு ரயில் ஏறும்போது கூட யார் வருகிறார்கள் என்று சொல். நான் இத்தனை நாள் ‘ட்’ போட்டே சொல்லிப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டு.

அன்புடன்,
அம்மா